குதிரை லாட அரத்துல கத்தி அடிச்சா ஒண்ணு வெடிக்குது, ஒண்ணு மடங்குது. உதவி வேணும்

கொழிஞ்சாம்பாறை பட்டறை:
வணக்கமுங்க. பாலக்காடு சித்தூர் தாலுக்காவுல கொழிஞ்சாம்பாறை பக்கம் வெல்டிங் பட்டறை வெச்சிருக்கறேன், ஓரத்துல ஒரு சின்ன உலையும் உண்டு. குதிரைக்கு லாடம் அடிக்கறவரு ஒருத்தரு தேஞ்சு போன குளம்பு அரம் ஒரு கட்டு குடுத்துட்டுப் போனாரு. ஒரு பக்கம் முள்ளு முள்ளா, மறுபக்கம் சாதா அரப்பல்லு, கைப்பிடி வாலை விட்டுட்டு 14 இஞ்சு நீளம், நல்ல கனம். குளம்புக்கு ஆகாதுன்னாலும் இத்தன நல்ல உருப்படிய எடைக்குப் போட மனசு வரலீங்க. இங்க தென்னங்கள்ளு எறக்கறவங்க நிறைய பேரு இருக்கறாங்க, அவங்களுக்கு பாளை சீவற கத்தி அடிச்சுக் குடுக்கலாம்னு எறங்கினேன்.

பிரச்சனை என்னன்னா, ஒரே கட்டுல எடுத்தது, ஒரே மாதிரி செவக்க வெச்சு ஒரே வாளித் தண்ணில தோய்ச்சது, அதுல ஒண்ணு டிக்குனு சத்தம் வந்து குறுக்க விரிசல் உட்டுருச்சு, விரிசலும் பழைய பல்லு இருந்த கோட்டுலயேதான் போயிருக்குது. இன்னொண்ணுல விரிசலே இல்ல, ஆனா பாளைல நாலு சீவு சீவுனா வாய் மடங்கிருது. உலையில தப்பா, இரும்புல தப்பா? கத்திக்கு ஆகாதுன்னா வேற எதுக்கு ஆகும்னும் சொல்லுங்க.

பொள்ளாச்சி டூல்ரூம்:
ரெண்டும் வேற வேற வியாதிங்க. ரெண்டாவதை மொதல்ல சொல்லீர்றேன். குளம்பு அரம் எல்லாமே ஒரே இரும்பு கெடையாது. சிலது உள்ள வரைக்கும் 1 சதவீதத்தை ஒட்டி கார்பன் இருக்கற முழு எஃகு. சிலது சாதா இரும்புல பல்லு வெட்டி, மேல்தோலுக்கு மட்டும் கார்பன் ஏத்தி கெட்டியாக்குனது. குளம்பு சீவ ரெண்டும் நல்லாத்தான் வேலை செய்யும், ஆனா அந்தத் தோலு மெல்லிசு, நீங்க கத்திக்காக கிரைண்டர்ல தேய்ச்சீங்கன்னா அது போயிரும், உள்ள இருக்கறது எத்தன தண்ணி காட்டுனாலும் கெட்டியாகாது. மடங்குன கத்தி இந்த சாதின்னுதான் எனக்குத் தோணுது.

கண்டுபிடிக்க ஒவ்வொரு அரத்தோட முனையிலயும் ஒரு இஞ்சு துண்டு வெட்டிக்கங்க. அதை காந்தம் ஒட்டாம போற வரைக்கும் சூடேத்தி தண்ணில போட்டு, வைஸ்ல கடிக்க வெச்சு, மேல துணி சுத்தி, சுத்தியல்ல ஒரு அடி. கண்ணாடி போடாம மட்டும் பண்ணாதீங்க, தெறிச்சா நேரா கண்ணுக்குத்தான் வரும். பட்டுனு உடைஞ்சு உடைஞ்ச வாயி பூராம் சாம்பல் நெறத்துல நுணுக்கமா இருந்தா முழு எஃகு. கல்லுப்பு மாதிரி பரல் பரலா மின்னுச்சுன்னா எஃகுதான், ஆனா சூடு அதிகமாப் போயிருக்குது. ஓரம் ஒரு மாதிரி நடு ஒரு மாதிரி இருந்தாலோ, உடையாம வளைஞ்சாலோ, அது மேல்தோல் மட்டும் கெட்டி. கிரைண்டர் பொறியிலயும் ஓரளவு தெரியும், எஃகுன்னா பொறி கிளை கிளையா வெடிக்கும், சாதா இரும்புன்னா நீளக் கோடா ஓடும். மேல ஒருதடவ, ஒரு மில்லி உள்ள தேய்ச்சு ஒருதடவ பாருங்க. கட்டுல ஒண்ணப் பாத்துட்டு மிச்சமும் அதேதான்னு மட்டும் வெச்சுக்க வேண்டாம்.

கம்பம்மெட்டு உலை:
அண்ணே, வெடிச்சதுக்கு நான் சொல்றேன். பல்லோட பள்ளம் ஒவ்வொண்ணும் ஒரு வெட்டுக்காயம்னு வச்சுக்கங்க, தோய்க்கும்போது வர்ற இழுவை பூரா அங்கதான் போய்க் குவியும். அடிக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டு பக்கமும் பல்லை அடிப்பள்ளம் வரைக்கும் தேய்ச்சு எடுத்துரணும். பல்லோட வச்சு சம்மட்டி போட்டா பல்லு மடிஞ்சு உள்ள படுத்துக்கும், வெளிய வழவழன்னு தெரியும், உள்ள மடிப்பு இருக்கும். அழகுக்கு பல்லு வேணும்னு கேக்குறவங்களுக்கு முதுகுப் பக்கம் மட்டும் விடுங்க, வாய்ப்பக்கம் விடவே கூடாது.

அடுத்தது தண்ணி. இவ்வளவு கார்பன் இருக்குற எஃகை கத்தி கனத்துக்கு மெலிசாக்கிட்டு தண்ணில விட்டா வெடிக்கத்தான் செய்யும். சமையல் எண்ணெயை 50, 60 டிகிரிக்கு சூடு பண்ணி அதுல தோய்ங்க. வண்டில எடுத்த பழைய ஆயில் வேணாம்ணே, அந்தப் புகை உடம்புக்கு ஆகாது. அடிச்சு முடிச்சதும் நேரா தோய்ச்சலுக்குப் போகாம, காந்தம் விடுற சூட்டுக்கு ஏத்தி காத்துல ஆறவிட்டு, அப்படி மூணு தடவ பண்ணுங்க, அடிச்ச அடில ஏறுன இழுவை எறங்கிரும், பரலும் சின்னதாகும். காந்தம் விடுறது 770 டிகிரிக்கிட்ட, அதுக்கு மேல கொஞ்சமே கொஞ்சம் போனாப் போதும். வெயில்ல நிறம் ஏமாத்தும், சாயங்காலம் நெழல்ல பாருங்க.

தோய்ச்சதும் நல்ல அரத்தை வச்சு இழுத்தா வழுக்கிட்டுப் போகணும், கடிக்கக் கூடாது. வழுக்குச்சுன்னா கெட்டி ஆயிருச்சு, ஆனா கீழ விழுந்தாலே உடைஞ்சிரும், அதனால அன்னிக்கே பதம் எறக்கிரணும், அதாவது மறுபடி லேசா சூடு காட்டி முறியிற குணத்தைக் கொறைக்கணும். வீட்டு ஓவன்ல 200 டிகிரி ஒரு மணி நேரம், ஆறவிட்டு இன்னொரு தடவ. ஓவன் இல்லைன்னா வாயைப் பளபளன்னு தேய்ச்சுட்டு சூடான இரும்புத் தட்டுல முதுகை வச்சுப் பாத்துக்கிட்டே இருங்க, வைக்கோல் நெறம் வாய்க்கு வந்ததும் எடுத்துருங்க. பாளைக் கத்திக்கு அது சரி. கொடுவாளுக்கு பழுப்பு தாண்டி ஊதா தொடங்குற வரைக்கும் விடணும், இல்லைன்னா கட்டைல பட்டு வாய் சில்லு சில்லாப் போகும்.

களியக்காவிளை:
எல்லாத்தையும் கத்தியாக்கணும்னு ஏன் நினைக்கணும் அண்ணே? மேல்தோலு மட்டும் கெட்டியா இருக்குற அரத்தை உலைப்பக்கத்துல அப்படியே போட்டு வைங்க. இரும்பு செவந்து இருக்கும்போதே அதோட ஓரத்தை, பிசிறை இதை வச்சு ராவிப் பாருங்க, குளிர்ந்தபொறவு சின்ன அரத்துல மல்லுக்கட்டுற வேலை நாலு இழுப்புல தீரும். குளம்புக்குத் தேஞ்சு போனதுன்னாலும் சூட்டு இரும்புக்கு அந்த முள்ளு தாராளம். அரத்தை சூட்டு மேல வச்சு அமுக்கிக்கிட்டே இருக்கக் கூடாது, வேகமா இழுத்து எடுத்து ஆறவிடணும், இல்லாட்டி பல்லு பதம் விட்டுப் போகும். மரக் கைப்பிடி வடிக்கவும் இதைவிட நல்லது கிடையாது.

இன்னொரு வேலையும் உண்டு. இங்க வெட்டோத்திக்கு, அதான் வெட்டுக்கத்திக்கு, முழுசும் எஃகு போடமாட்டோம், சாதா இரும்பு உடம்புல வாய்க்கு மட்டும் எஃகு வச்சு அடிப்போம். உங்க முழு எஃகு அரத்துல ஒரு சின்னப் பட்டை போதும், பிளந்த இரும்புக்கு நடுவுல வச்சு, வெங்காரம் தூவி, மஞ்சச் சூட்டுல ஒட்டிரலாம். பொறி பறக்குற வரைக்கும் விட்டா எஃகு எரிஞ்சு போகும், அதை மட்டும் பாத்துக்கிடுங்க. ஒரு அரத்துல எத்தனை கத்திக்கு வாய் கிடைக்கும் சொல்லுங்க! நல்ல எஃகை கைப்பிடி வால் வரைக்கும் வீணாக்குறது எனக்குப் பொறுக்காது.

கொழிஞ்சாம்பாறை பட்டறை:
ரொம்ப நன்றிங்கண்ணா எல்லாத்துக்கும். துண்டு வெட்டி உடைச்சுப் பாத்தேன், டூல்ரூம் அண்ணன் சொன்னதேதானுங்க, வெடிச்ச சாதி பட்டுனு போகுது, மடங்குன சாதி வளைஞ்சு நாரு நாராத் தெரியுது. ரெண்டையும் பெயிண்ட் அடிச்சுப் பிரிச்சு வெச்சுட்டேன். எஃகுல பல்லெல்லாம் எடுத்து எண்ணெய்ல தோய்ச்ச கத்தி ஒண்ணு இப்ப கள்ளு எறக்கற அண்ணன்கிட்ட இருக்குது, வெங்கச்சங்கல்லுங்கற வெள்ளைக் கல்லுப் பொடி போட்டு பலகைல தீட்டிப் பாத்துட்டு வாய் நல்லா நிக்குதுன்னாரு. இன்னும் ஒரு சந்தேகம். தேங்கா உரிக்கற பாரைக்கு முனையா இந்த எஃகையே வெல்டிங் வெச்சுரலாமுங்களா?

பொள்ளாச்சி டூல்ரூம்:
அப்படியே வெக்காதீங்க. இத்தன கார்பன்ல ஆர்க் போட்டா, வெல்டுக்குப் பக்கத்துல இருக்கற இரும்பு தானாவே தோய்ச்சல் புடிச்ச மாதிரி கெட்டியாகி, உரிக்கற அழுத்தத்துல வெல்டு ஓரமாவே கண்ணாடியாட்டம் முறியும். பாரை மேல உடம்பு பாரத்தப் போட்டு அமுக்கற வேலை அது, முறிஞ்சா கைல ஏறிரும். பாரைக்கு லாரி ஸ்பிரிங் பட்டைத்தகடு போதும், அதுல கார்பன் இதைவிடக் கம்மி. அரத்தைக் கத்திக்கே வெச்சுக்கங்க.