ஸ்டென்ட் வச்சவங்களுக்கு மீன் எண்ணெய் போதுமா? 1000 மி.கி. கணக்கு

மருந்துச்சீட்டு: நம்ம மாவட்டக் குழுக்கள்ல ஒரு பதிவு சுத்துது. "ஸ்டென்ட் வச்சு ஆறு மாசம் ஆனா அட்டார்வா, க்ளோபிடோக்ரெல் ரெண்டையும் விட்டுடலாம். 1000 மி.கி. மீன் எண்ணெய் ஒண்ணு, எவியான் 400 ஒண்ணு போதும்." ஸ்டென்ட்னா அடைச்ச இதயக் குழாயைத் திறந்து வைக்கிற கம்பி வலை. அட்டார்வா கொலஸ்ட்ராலைக் குறைக்கிற ஸ்டாட்டின் மாத்திரை, க்ளோபிடோக்ரெல் ரத்தம் உறையாம தடுக்கிற மாத்திரை, எவியான் வைட்டமின் ஈ. எழுதினவர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தாரா? முன்பக்கம் இருக்கிற 1000, எண்ணெயோட எடை. பின்பக்கம் பொடி எழுத்துல பெரும்பாலும் ஈபிஏ 180, டிஹெச்ஏ 120ன்னு இருக்கும். ரெண்டும் ஒமேகா-3 கொழுப்பு. வேலை செய்றது ரெண்டும் சேர்ந்த அந்த 300தான்.

பாம்பன்_தென்கடல்: பதிவு நான் போட்டதுதான். 1000ன்னா 1000தான், கம்பெனிக்காரன் பொய்யா அச்சடிப்பான்? 1999ல இத்தாலியில மாரடைப்பு வந்தவங்களுக்கு தினம் ஒரு கிராம் காப்சூல் கொடுத்து சாவு குறைஞ்சுதே, அதுக்கு என்ன சொல்றீங்க?

மருந்துச்சீட்டு: ஜிஸ்ஸி ஆய்வு. அங்க கொடுத்தது செறிவாக்கின காப்சூல், ஒரு கிராமுக்குள்ள 850 மி.கி.க்குக் குறையாம ஈபிஏ-டிஹெச்ஏ. உங்க டப்பா காப்சூல் மூணு சேர்ந்தாத்தான் அந்தக் கணக்கு வரும். அதுவும் வழக்கமான மருந்துகளுக்கு மேலதான் கொடுத்தாங்க, பதிலா இல்ல. மீன் எண்ணெய் இறக்குறது ட்ரைகிளிசரைடுங்கிற ரத்தக் கொழுப்பை. எல்டிஎல்லை, அதாவது கெட்ட கொலஸ்ட்ராலை இறக்காது, சிலருக்கு ஏத்தவே செய்யும். அட்டார்வா 40 எல்டிஎல்லைக் கிட்டத்தட்ட பாதியாக்கும். க்ளோபிடோக்ரெல் விஷயம் இன்னும் மோசம். கம்பி மேல உள்தோல் மூடுறதுக்குள்ள நிறுத்தினா கம்பிக்குள்ளயே ரத்தம் உறைஞ்சு திடீர்னு அடைக்கும். மாரடைப்புக்காக வச்ச ஸ்டென்ட்டுன்னா ஈகோஸ்பிரினோட (ஆஸ்பிரின்) சேர்த்து வழக்கமா 12 மாசம். ரத்தக்கசிவு பயம் இருந்தா முன்னாடியே குறைக்கிறது டாக்டர் வேலை, குழு அட்மின் வேலை இல்ல.

பாம்பன்_தென்கடல்: சுகர் மாத்திரை விவாதத்துலயும் இப்படித்தான் வந்து பாடம் எடுத்தீங்க. மாத்திரை வித்தாத்தானே உங்க பொழப்பு ஓடும்! 1000க்கு நேரடியா பதில் சொல்லுங்க.

மருந்துச்சீட்டு: காப்சூலும் நான்தான் விக்கிறேன். அட்டார்வாவை விட அதுலதான் லாபம் ஜாஸ்தி. 300.

தொண்டி_வலை: ரெண்டு பேரும் சும்மா இருங்கப்பா. வாரம் ரெண்டு நாள் மத்தி, சூடை குழம்பு வச்சா டப்பாவே எதுக்கு? ரீஃபைண்ட் எண்ணெயில பொரிச்சா நல்ல கொழுப்பு சட்டியில இறங்கிரும். குழம்புன்னா சாறுலயே நிக்கும். எங்க வடகடல் (பாக் விரிகுடா) மீனுக்கு ருசியும் தனி.

பாம்பன்_தென்கடல்: வடகடல் சூடையில முள்ளுதான் இருக்கு. கொழுப்பு ஏறின மத்தி வேணும்னா தெற்கால வாங்க.

தொண்டி_வலை: மீனைப் பத்தி நீங்க எனக்குச் சொல்லாதீங்க.

கீழக்கரை_காக்கா: 2018ல 4 கிராம் கொடுத்து மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் சேர்த்து 25 சதவீதம் குறைஞ்சுதுன்னு வந்துச்சே தம்பி?

மருந்துச்சீட்டு: ஆமா காக்கா. அது சுத்திகரிச்ச ஈபிஏ மட்டும், ஸ்டாட்டின் சாப்பிட்டுட்டே ட்ரைகிளிசரைடு இறங்காதவங்களுக்கு. ஈபிஏ 180 மி.கி. இருக்கிற காப்சூல்ல அந்த அளவு வேணும்னா தினம் 22 முழுங்கணும். அந்த ஆய்வுலயே இதயத்துடிப்பு தாறுமாறாகிற கோளாறும் கூடுச்சு. எவியானுக்கும் வர்றேன். 2000ல வந்த ஹோப் ஆய்வுல 400 யூனிட் வைட்டமின் ஈ வருஷக்கணக்கா கொடுத்தும் மாரடைப்பு குறையல. இன்னொண்ணு, கடை அலமாரியில வெயில் படுற டப்பாவை வாங்காதீங்க. காப்சூலை ஊசியால குத்திப் பாருங்க, காறல் வாடை அடிச்சா எண்ணெய் கெட்டுப்போச்சு.

கீழக்கரை_காக்கா: இதய வால்வு மாத்தி அசிட்ரோம் (ரத்தம் உறையாம தடுக்கிற மாத்திரை) சாப்பிடுறவங்க மல்டிவைட்டமின்ல வைட்டமின் கே இருக்கான்னும் பார்க்கணும். ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு காட்டுற அளவு) இறங்கி வால்வுலயே ரத்தம் கட்டிரும். அதை யாரும் எழுத மாட்டேங்கிறீங்க.

பாம்பன்_தென்கடல்: அசிட்ரோமை யார் கேட்டா? அந்தக் காலத்துல சுறா ஈரல் எண்ணெய் குடிச்சவங்களுக்கு ஸ்டென்ட்டா வச்சாங்க?

மருந்துச்சீட்டு: ஈரல் எண்ணெய் வேற, மீன் எண்ணெய் வேற. ஈரல்ல வைட்டமின் ஏ குவிஞ்சிருக்கும். ஒமேகா-3 கணக்குக்காக அதை நாலஞ்சா ஏத்தினா ஈரலும் எலும்பும் அடி வாங்கும். முதல்ல உங்க டப்பாவோட பின்பக்கத்தைப் படம் பிடிச்சுப் போடுங்க.

பாம்பன்_தென்கடல்: உங்களுக்குப் படம் பிடிச்சுப் போடுற வேலை எனக்கில்ல. பதிவை எடுக்கவும் மாட்டேன்.

தொண்டி_வலை: சூடையில முள்ளுன்னு சொன்னதுக்கு இன்னும் பதில் வரல.