ஏசி வகுப்பறையா, ஜன்னலைத் திறப்பதா?

தண்டையார்பேட்டை அப்பா:
மகள் படிக்கும் பள்ளியில் பெற்றோரிடம் தலைக்கு இவ்வளவு என்று வாங்கி வகுப்பறைக்கு ஸ்ப்ளிட் ஏசி போட்டார்கள். நானும் சந்தோஷமாகத்தான் கொடுத்தேன். போன வாரம் மீட்டிங்குக்குப் போனால் அறை முழுக்க ஈரத்துணி வாடை. பீரோவைக் கொஞ்சம் நகர்த்தினேன், முழங்கால் உயரத்துக்குப் புள்ளி புள்ளியாகக் கருப்புப் பூஞ்சை. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் ஊறிய சுவர், மேலே பெயிண்ட் அடித்து மறைத்திருக்கிறார்கள். ஜன்னலுக்கு ஆணி. மகளுக்கு இந்த டெர்மில் மூன்று தடவை வீசிங். ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறக்கச் சொல்லப் போகிறேன். தப்பா?

மணலிக்காரன்:
தப்புதான். ஜன்னலைத் திறந்தால் கொடைக்கானல் காற்றா வரும்? எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நிற்கிறது, எங்கள் மொட்டைமாடியில் காலையில் வெள்ளைச் சட்டை காயப்போட்டால் சாயங்காலம் கரியை உதறிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். பூஞ்சைக்குப் பயந்து பிள்ளையைப் புகையில் உட்கார வைக்கச் சொல்கிறீர்கள்.

ஏசி மெக்கானிக்:
அண்ணே, ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே இழுக்காது, இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கும். அதில் இருக்கும் வலை முடியையும் பஞ்சையும்தான் பிடிக்கும், லாரிப் புகை அதுபாட்டுக்குப் போய் வரும். உள்ளே குளிர வைக்கும் குழாய்ச் சுருளில் (காயில்) எப்போதும் ஈரம், கீழே தண்ணீர்த் தட்டு, தூசி சேர்ந்தால் வழவழவென்று படியும். போன மாதம் ஒரு டியூஷன் சென்டரில் கழற்றினேன், ப்ளோயர் சக்கரம் முழுக்க கருப்பு, தண்ணீர் வெளியேறும் பைப்பில் பல்லி செத்துக் கிடந்தது. அந்தக் காற்றுதான் பிள்ளைகள் முகத்தில்.

நாலாவது பீரியட் டீச்சர்:
நான் வேறு பள்ளி. 42 பிள்ளைகள், மூடிய ஏசி அறை. ஒருநாள் கார்பன் டை ஆக்சைடு மீட்டரைக் கடன் வாங்கி மேஜையில் வைத்தேன். வெளியே ஏறக்குறைய 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு), மூன்றாவது பீரியடில் என் மேஜையில் 2,300. அது விஷம் என்று சொல்ல வரவில்லை, ஒருத்தர் விட்ட மூச்சை எத்தனை பேர் திரும்ப இழுக்கிறோம் என்பதற்கு அது ஒரு கணக்கு. காசநோய், தட்டம்மை, கொரோனா எல்லாம் அந்த மூச்சு வழியாகத்தான். நாலாவது பீரியடில் பாதி வகுப்பு கொட்டாவி, நான் உட்பட.

மணலிக்காரன்:
சரி, கிருமிதான் பிரச்சினை என்றால் புற ஊதா விளக்கு போடுங்கள். வெல்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1930களின் கடைசியிலேயே ஃபிலடெல்ஃபியா பள்ளிகளில் போட்டு தட்டம்மையைக் குறைத்துக் காட்டினார்.

நாலாவது பீரியட் டீச்சர்:
அதே யோசனையை வேறு ஊர்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. பிள்ளைகள் ஸ்கூல் பஸ்ஸிலேயே தொற்றிக்கொண்டார்கள் என்பது ஒரு காரணம். நம் பிள்ளைகள் வருவதோ ஒரே ஆட்டோவில் எட்டுப் பேர். தவிர, விளக்கு அந்த ஈரச் சுவரைக் காய வைக்காது.

தண்டையார்பேட்டை அப்பா:
சுவரில் பிளீச்சிங் பவுடர் கரைத்து அடித்தால் போதும் என்கிறார் மேனேஜர்.

ஏசி மெக்கானிக்:
செத்த பூஞ்சையும் அலர்ஜி தரும். ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்று பார்த்து, பூச்சைக் கொத்தி எடுத்து, சுவர் காய்ந்த பிறகுதான் பெயிண்ட். அதுவரைக்கும் பிள்ளைகளை வேறு அறையில் உட்கார வையுங்கள்.

மணலிக்காரன்:
சுவர் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஜன்னல் விஷயம் இல்லை. ரோட்டுப் பக்கம் நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் வைத்த காற்றுச் சுத்திகரிப்பு மெஷின் ஒன்று, மைதானத்துப் பக்க ஜன்னலை வேண்டுமானால் திறக்கட்டும்.

நாலாவது பீரியட் டீச்சர்:
மெஷின் தூசியையும் கிருமியையும் பிடிக்கும், கார்பன் டை ஆக்சைடை அல்ல. மைதான ஜன்னல் கண்டிப்பாகத் திறக்க வேண்டும்.

மணலிக்காரன்:
அதைத்தானே நானும் சொன்னேன் டீச்சர்! லாரி நிற்கும் நேரத்தில் மட்டும் மூடுங்கள் என்கிறேன்.

தண்டையார்பேட்டை அப்பா:
மைதான ஜன்னலிலும் ஆணிதான் இருக்கிறது. திங்கட்கிழமை சுத்தியல் எடுத்துப் போகிறேன்.