சீனக்குடாவில் நாலு பேர் ஆட்டம்: ஹண்டிகப் வேணுமா, சும்மா ஆடுறதா?

உப்புவெளியான்:
ஆவணியில் பழைய வகுப்புக்காரர் நாலு பேர் ஊரில் சேருகினம். திருகோணமலைச் சீனக்குடா விமானப்படை ஈகிள்ஸ் கோல்ஃப் லிங்க்ஸில் 18 குழி ஆடுறதாய் ஏற்பாடு. மைதான ஹண்டிகப் (பலம் குறைஞ்சவருக்குக் கூடக் கழிச்சுக் கொடுக்கிற அடிகள்) 6, 13, 21, 30. கடைசியாய் வாறவர் தலையில் இரவு நண்டுச் சாப்பாடு. 6காரர் சொல்லுறார்: "ஹண்டிகப் வேண்டாம், ஆளுக்கு ரெண்டு மலிகன், பட்டர் நீளத்துக்குள்ளை கிமி." (பட்டர் எண்டால் பந்தைக் குழிக்குள் உருட்டுற மட்டை. மலிகன் எண்டால் பிழைச்ச அடியை அழிச்சுப்போட்டுத் திரும்ப அடிக்கிறது. கிமி எண்டால் குழிக்குக் கிட்ட நிக்கிற பந்தைப் போடாமலே போட்டதாய்க் கணக்கு வைக்கிறது.) 30காரர் ஒத்துக்கொள்ளவில்லை. சண்டை வராத முறை ஏதும் இருக்கா?

கோட்டைமான்:
6காரர் கேட்கிறது சலுகை இல்லை, பகல்கொள்ளை. ஹண்டிகப் இல்லாமல் ஆடினால் 6க்கும் 30க்கும் நடுவில் 24 அடி. ரெண்டு மலிகனில் திரும்பி வாறது மிஞ்சிப்போனால் நாலு.

ஸ்டேபிள்ஃபோர்ட் ஆடுங்கோ, குழிக்குக் குழி புள்ளி சேர்க்கிற முறை. ஹண்டிகப் அடிகளைக் கழிச்ச பிறகு பாருக்கு (அந்தக் குழிக்கு வைச்ச அடிக்கணக்கு) 2 புள்ளி, போகிக்கு (ஒன்று கூட) 1, பேர்டிக்கு (ஒன்று குறைவு) 3, ஈகிளுக்கு (இரண்டு குறைவு) 4, டபுள் போகியும் (இரண்டு கூட) அதுக்கு மேலும் 0. 30காரருக்கு ஒவ்வொரு குழியிலும் ஒரு அடி கிடைக்கும். அட்டையில் ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் (குழிகளின் கடின வரிசை) 1 தொடக்கம் 12 வரை போட்டிருக்கிற குழிகளில் இன்னொன்றும் கிடைக்கும். அப்படி ஒரு பார் 4 குழியில் அவர் 6 அடித்தால் 2 புள்ளி, 7 அடித்தால் 1. ஏழாவது அடியும் குழிக்குள் விழவில்லையெண்டால் பந்தைத் தூக்கிச் சட்டைப்பைக்குள் வைக்கலாம், விதி 21.1 அதற்கு இடம் தருகிறது. நேரமும் மிச்சம். ஹண்டிகப்பில் 95 வீதம் எடுத்தால் 6, 12, 20, 29.

மட்டிக்களி:
> 95 வீதம் எடுத்தால்

அந்த 95 வீதம் 30 பேருக்குக் குறையாத போட்டிக்கு. அதிலும் குறைவாய் ஆட்கள் எண்டால் 100 வீதம்தான் பரிந்துரை. நாலு பேர் ஆடுறதுக்கு எதுக்கு வெட்டு? 6, 13, 21, 30 அப்படியே வையுங்கோ.

இன்னொன்று, அந்த நாலு எண்ணும் உண்மையில் மைதான ஹண்டிகப்தானா? வெளிநாட்டிலிருந்து வாறவர்களின் செயலியில் தெரிகிறது ஹண்டிகப் இண்டெக்ஸ், எல்லா மைதானத்துக்கும் பொதுவான எண். அதை ஸ்லோப்பால் (சாதாரண ஆட்டக்காரருக்கு மைதானம் எவ்வளவு கூடக் கடினம் எண்ட எண்) பெருக்கி 113ஆல் பிரித்து, கோர்ஸ் ரேட்டிங்குக்கும் (கெட்டிக்கார ஆட்டக்காரருக்கு எதிர்பார்க்கிற அடிக்கணக்கு) பாருக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்ட வேணும். பேச்சுக்கு ஸ்லோப் 120, ரேட்டிங்கும் பாரும் ஒன்று எண்டால் இண்டெக்ஸ் 18.0 இங்கே 19 ஆகும். ரொறன்ரோ மைதானத்துக்குப் போட்ட கணக்கை இங்கே கொண்டு வந்தால் முதல் டீயிலேயே (தொடக்க அடி அடிக்கிற இடம்) பிழை.

பாலையூற்றுவாசி:
இது என்ன, ஓஎல் கணக்குப் பேப்பரா? வருசக்கணக்காய்க் காணாதவர்கள் கையில் விதிப்புத்தகத்தோடையா நடக்கப்போகினம்?

கிமியை இவ்வளவு கேவலமாய்ப் பேசுறவர்களுக்கு ஒரு கணக்கு. நாலு பேர், 18 குழி, ஆளுக்கு ஒரு குட்டிப் பட் (பட்டரால் உருட்டுற அடி), மொத்தம் 72. ஒன்றுக்கு 20 செக்கன் போனால் 24 நிமிசம். ஆவணி வெயிலில் அந்த 24 நிமிசம் பெரிய விசயம். மலிகனையும் முதல் டீக்கு மட்டும் வையுங்கோ. உடம்பு சூடாகாமல் அடிக்கிற முதல் அடி பத்தைக்குள்ளை போனால் நாலு பேரும் நிண்டு தேடத்தான் வேணும்.

கோட்டைமான்:
தேடுறதுக்கு 2019இல் இருந்து மூன்று நிமிசம்தான், ஐந்து இல்லை. பந்து காணாமல் போகும் எண்டு தோன்றினால் "புரொவிஷனல்" (தற்காலிகப் பந்து) எண்டு வாய்விட்டுச் சொல்லிப்போட்டு இரண்டாவதை அடியுங்கோ. சொல்லாமல் அடித்தால் அந்த இரண்டாவது பந்துதான் ஆட்டத்தில். முதல் பந்து பிறகு ஃபெயார்வே (புல் கட்டையாய் வெட்டின ஆட்டப் பாதை) நடுவில் கிடந்தாலும் பயனில்லை.

முந்தி அடிச்ச இடத்துக்குத் திரும்பி நடக்கப் பஞ்சியெண்டால் இ-5 எண்ட உள்ளூர் விதி இருக்கு. பந்து போன இடத்துக்கு நேரே ஃபெயார்வே ஓரத்தில், குழிக்குக் கிட்டப் போகாமல் போட்டு, இரண்டு அடி தண்டம். புரொவிஷனல் அடித்தவருக்கு இது இல்லை. தண்டனைப் பகுதிக்குள் (குளம் போல அடையாளம் வைச்ச இடம்) போன பந்துக்கும் இல்லை. இது இருக்கும்போது மலிகன் எதுக்கு?

பாலையூற்றுவாசி:
மலிகனால் கூட நன்மை 30காரருக்குத்தானே, ஐயா! அவர்தான் கூடப் பிழைவிடுகிறவர்.

மட்டிக்களி:
அதுதான் இல்லை, தம்பி. மலிகனின் பெறுமதி, பிழைச்ச அடியால் போனதுக்கும் மறுபடி அடித்தால் வரப்போகிறதுக்கும் உள்ள வித்தியாசம். 30காரரின் மறு அடியும் அதே பத்தைக்குள் போகிற சாத்தியம் நல்லாய் இருக்கு. 6காரர் 18 குழியில் ஒன்றிரண்டு தரம்தான் பெரிசாய்ப் பிழைவிடுவார். அந்த இரண்டையும் மலிகன் அப்படியே அழிச்சுவிடும். எண்ணிக்கை இரண்டு பேருக்கும் சமன், பலன் ஒருத்தருக்கு. ஹண்டிகப்பும் மலிகன் இல்லாமல் ஆடிய ஆட்டங்களில் இருந்து வந்ததுதானே, கடைசி 20இல் சிறந்த 8. இரண்டையும் கலந்தால் எண்ணுக்கு அர்த்தமில்லாமல் போகும்.

ஆனால் கிமியில் நான் பாலையூற்றின் பக்கம். ஒருத்தரோடு ஒருத்தர் மோதுற மேட்ச் பிளேயில் அடுத்தவரின் பட்டை விட்டுக்கொடுக்கலாம், விதி 3.2. ஸ்டேபிள்ஃபோர்ட்டில் முடியாது, புள்ளி வேணுமெண்டால் குழிக்குள் போட்டே ஆகவேணும். அதனால் மேட்ச் பிளே ஆடுங்கோ. 6உம் 30உம் ஒரு சோடி, 13உம் 21உம் மற்றது. சோடி மேட்சுக்கு (குழிக்குக் குழி சோடியில் நல்லாய் ஆடினவரின் கணக்குத்தான் எடுபடும்) 90 வீதம்: 5, 27, 12, 19. குறைந்தவரைப் பூச்சியமாக்கினால் 0, 22, 7, 14.

கோட்டைமான்:
சோடி ஆட்டத்தில் கடைசி ஆள் எப்படித் தெரியும்? பந்தயம் தனி ஆளுக்கு. அதோடு சோடிக்குள் இடைவெளி பெரிசாய் இருந்தால் அந்தச் சோடிக்குத்தான் வாய்ப்பு. 30காரர் தனக்கு அடி கிடைக்கிற குழிகளில் நாலைந்தில் வென்று கொடுப்பார், மிச்சத்தை 6காரர் பிடிச்சுக்கொள்வார்.

மட்டிக்களி:
ஆறு ஆறு குழியாய்ச் சோடியை மாற்றினால் தெரியும். முதல் ஆறில் 6+30, அடுத்த ஆறில் 6+21, கடைசி ஆறில் 6+13. மற்ற இருவர் எதிரே. வென்ற குழிக்கு அந்தச் சோடியில் ஆளுக்கு ஒரு புள்ளி, சமனுக்கு அரை. எல்லாரும் எல்லாரோடும் ஒருதரம் சோடி சேர்ந்துவிடுவினம், கடைசியில் புள்ளி குறைந்தவர் நண்டு வாங்குவார்.

ஒரு இடைஞ்சல் இருக்கு. ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் ஆறு ஆறாய்ச் சமமாய்ப் பிரிஞ்சு வராது. 7 அடி உள்ளவருக்கு ஒரு துண்டில் நாலும் இன்னொன்றில் ஒன்றும் விழலாம். முதல்நாளே அட்டையைப் பார்த்து 7ஐ 2, 2, 3 எண்டு பிரிச்சு, ஒவ்வொரு துண்டிலும் இண்டெக்ஸ் சிறிய குழிகளுக்குக் கொடுத்துவிடுங்கோ. கடைசிக் குழியில் இந்தக் கதை தொடங்கினால் நட்பு முடிஞ்சுது.

சாம்பல்தீவான்:
விதிக்காரர் எல்லாரும் காலத்தை மறந்துபோனியள். ஆவணியில் கச்சான் காற்று. வெயில் ஏற ஏறக் காற்றும் பலக்கும், ஆனபடியால் ஆறே காலுக்கு முதல் பந்து போக வேணும். எதிர்க்காற்றில் இழக்கிற தூரம் பின்காற்றில் கிடைக்கிற தூரத்தை விடக் கூட. பலத்தைக் கூட்டி அடித்தால் பின்சுழல் கூடி, பந்து மேலே எழும்பி அங்கேயே நிண்டு விழும். ஒன்று அல்லது இரண்டு கிளப் (மட்டை) பெரிசாய் எடுத்து, பந்தை ஒரு பந்தளவு பின்னுக்கு வைத்து, முக்கால் வீச்சில் அடிக்க வேணும்.

தரை காய்ந்து இறுகியிருக்கும். கிரீனுக்கு (குழி இருக்கிற வழவழப்பான புல்தரை) பக்கத்தில் 56 பாகை வெட்ஜை (பந்தை உயரத் தூக்குற கிளப்) எடுக்கிறவர்தான் நண்டுக்குக் காசு கொடுப்பார். அதின் அடிப்பக்கம் தடிப்பமாய், 12 அல்லது 14 பாகை பவுன்ஸோடு இருந்தால் இறுகின தரையில் துள்ளும். விளிம்பு பந்தின் வயிற்றில் படும், பந்து தாழப் பறந்து கிரீனுக்கு அங்காலை போகும். 8ஆம் அயனால் உருட்டிவிடுங்கோ.

மாடோ மானோ மிதிச்ச குளம்படிக்குள் பந்து கிடந்தால் சலுகை இல்லை. அது விலங்கு தோண்டின பொந்து இல்லை. கிரீனில் மட்டும் அந்தத் தடத்தைத் திருத்தலாம். சாணத்தைத் தண்டமில்லாமல் அகற்றலாம், ஆனால் அகற்றும்போது பந்து அசைந்தால் ஒரு அடி தண்டம் (கிரீனில் இல்லை). காகம் பந்தைத் தூக்கிக்கொண்டு போறதைக் கண்டால் இருந்த இடத்தில் வேறு பந்தை வைக்கலாம், தண்டமில்லை. காணாமல் "காகம்தான் கொண்டுபோயிருக்கும்" எண்டு சொன்னால் அது தொலைந்த பந்து.

பாலையூற்றுவாசி:
தரை அப்படி இருந்தால் ஃபெயார்வேயில் பந்தை எடுத்து நல்ல இடத்தில் வைக்க விடலாம்தானே?

கோட்டைமான்:
விடலாம், தொடங்க முன்னம் அறிவித்தால். இ-3 விதி. ஃபெயார்வேயில் மட்டும், ஆறு அங்குலத்துக்குள், குழிக்குக் கிட்டப் போகாமல். வைத்தால் வைத்ததுதான், பிடிக்கவில்லை எண்டு திரும்ப எடுத்து வைத்தால் ஒரு அடி. கிளப்பால் தட்டித் தட்டி நகர்த்துற வழக்கத்துக்கு இதில் இடமில்லை.

உப்புவெளியான்:
எல்லாருக்கும் நன்றி. மட்டிக்களியின் ஆறு ஆறு முறையும் இ-5உம் சரிவரும் போலக் கிடக்கு. மலிகன் இல்லை. கிமி தூரத்தை முன்கூட்டியே சொல்ல வேணும், பட்டர் நீளம் எண்டே வைக்கலாமா?

மட்டிக்களி:
ஆற்றை பட்டர்? பழைய வழக்கம் பட்டரின் தலையைக் குழிக்குள் வைத்துப் பிடி தொடங்குற இடம் வரைக்கும்தான். 34 அங்குலப் பட்டரில் பிடி 10 எண்டால் 24 அங்குலம். 38 அங்குலத்தில் 17 அங்குலப் பிடி போட்டவருக்கு 21. ஒரே பட்டரால் நாலு பேருக்கும் அளவுங்கோ, 13காரரின்ரை பட்டர் எண்டு வையுங்கோ.

கோட்டைமான்:
அளவே வேண்டாம். விட்டுக்கொடுக்கிறது எதிராளியின் விருப்பம், கேட்டு வாங்குறதில்லை. அஞ்சாம் குழி வரை மூன்றடித் தூரப் பட்டையெல்லாம் தாராளமாய் விட்டுப்போட்டு, பதினேழாவதில் இரண்டடித் தூரத்தைப் "போடு பாப்பம்" எண்டுறவன்தான் ஆட்டக்காரன்.

பாலையூற்றுவாசி:
அந்த 6காரர் இவர்தான் எண்டு எனக்குச் சந்தேகம்.