அந்த ரூபின் ஃபார்வர்டுல ரெண்டு தப்பு

பிரபு: "24 மணி நேரம் ஒத்தை ஆளா மலையைக் காத்த அமெரிக்கக் குடிமகன் டிபோர் ரூபின்! உடனே உயரிய பதக்கம்!!" 🙏🙏 (ஃபார்வர்டு)

சேகர் சித்தப்பா: மலை சரிடா. 1950 கொரியப் போர்ல, தென் கொரியாவோட டேகு - பூசான் சாலைப் பக்கம். அதனால அவரோட அமெரிக்க 8-வது குதிரைப்படை ரெஜிமெண்ட் பின்வாங்க வழி கிடைச்சது. ஆனா குடிமகனும் இல்ல, உடனேவும் இல்ல. ஹங்கேரி யூதர். 1945 மே மாசம் மவுத்தவுசன் நாஜி வதைமுகாம்லேர்ந்து மீண்ட பையன். 1948-ல அமெரிக்கா வந்தார். 1949-ல ராணுவ இங்கிலீஷ் டெஸ்ட்ல ஃபெயில், மறுவருஷம் பாஸ். குடியுரிமை 1953-லதான்.

பிரபு: அப்ப மலைதானே ஹைலைட் சித்தப்பா?

சேகர் சித்தப்பா: எனக்கென்னவோ மலையைவிட, அப்புறம் அவர் இருந்த போர்க்கைதி முகாம்தான் பெருசு. 1950 அக்டோபர் 30 ராத்திரி வட கொரியாவோட உன்சான்ல சீனப்படை அடிச்சது. .30 மெஷின் கன்ல மூணு பேர் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா விழுந்ததும் ரூபின் அதுல உட்கார்ந்தார். குண்டு தீர்ற வரைக்கும் சுட்டார். அப்புறம் பிடிபட்டு சுமார் 30 மாசம் சிறை. கொரியாவுல பிடிபட்ட 7,140 அமெரிக்கர்ல 2,701 பேர் சிறையிலயே போயிட்டாங்க, பெரும்பாலும் முதல் குளிர்காலத்துல.

லதா அண்ணி: பசி, வயித்துப்போக்கு, பேன். உடம்புப் பேன் தலையில இருக்காது, துணித் தையல்ல முட்டை வைக்கும். டைஃபஸ் காய்ச்சலைப் பரப்புறது அதுதான். தானா பேன் எடுக்க முடியாதவங்களுக்கு ரூபின் எடுத்துவிட்டார். ராத்திரி எதிரியோட தானியக் கிடங்கு, தோட்டத்துல புகுந்து திருடி வந்து பங்கு போட்டார். மாட்டினா சித்திரவதை, இல்ல சாவு.

பிரபு: புழு விட்டு புண்ணை ஆத்தினாருங்கிறது நிஜமா அண்ணி?

லதா அண்ணி: நிஜம். செத்த சதையைப் புழு தின்னுடும். ஆனா நேரத்துல எடுக்கணும், சில ஈ வகையோட புழு நல்ல சதையையும் கடிக்கும். முகாம்ல அவர் எடுத்தது கக்கூஸ் புழு, அதுல கிருமி வேற. இப்ப ஆஸ்பத்திரியில முட்டையையே கிருமி நீக்கி வளர்த்த பச்சை ஈப் புழுதான், ஒரு சதுர செ.மீ.க்கு 5–10, ரெண்டு மூணு நாள்ல எடுத்துடுவாங்க. முகாம்ல அதுக்கெல்லாம் வழியேது.

சேகர் சித்தப்பா: பிழைக்கிற நம்பிக்கையே விட்டுப் படுத்துட்டவனுக்கு ஆட்டுப் புழுக்கையை மாத்திரைன்னு கொடுத்தார் 😄 அவனும் எழுந்தான்.

பிரபு: 😂😂 புழுக்கையா!

சேகர் சித்தப்பா: ஹங்கேரிக்காரன்தானே, ஊருக்கே அனுப்புறோம்னு சீனர்கள் கேட்டப்பவும் போகல. 40 பேர் வரைக்கும் பிழைச்சாங்க.

பிரபு: அப்புறம் பதக்கம் வர ஏன் 55 வருஷம்?

சேகர் சித்தப்பா: மேலதிகாரிங்க சிபாரிசு எழுதச் சொன்னாங்க. யூத வெறுப்பு பிடிச்ச சார்ஜென்ட் எழுதவே இல்ல. சொன்ன அதிகாரிங்களும் சண்டையில போயிட்டாங்க. காலக்கெடு தாண்டினா தனிச் சட்டம் வேணும். யூத வீரர்களோட பழைய ஃபைலைத் திரும்பப் பார்க்கச் சொல்லி 2001 டிசம்பர்லதான் அது வந்துச்சு. 2005 செப்டம்பர் 23, வெள்ளை மாளிகையில பதக்கம். அப்ப அவருக்கு 76 வயசு.

பிரபு: சரி, ஃபார்வர்டை அழிச்சிடுறேன்.

லதா அண்ணி: அழிக்காதே. திருத்திப் போடு, ஆட்டுப் புழுக்கையையும் சேர்த்து.