மறு: கன்ஸ்ட்ரக்டருக்குத் தமிழ் – ‘ஆக்கி’யா, ‘அமைப்பி’யா?

அனைவருக்கும் வணக்கம். நிரலில் ஓர் ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடி, அதன் தொடக்க மதிப்புகளை அமர்த்தும் நிரல்துண்டுதான் கன்ஸ்ட்ரக்டர். அதை ‘அமைப்பி’ என்று அழைக்கலாம் என்று நான் சொன்னதற்கு வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> ‘ஆக்கி’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும்போது புதிதாக இன்னொன்று எதற்கு?

இருக்கிறது ஐயா. ஆனால் தண்டையார்பேட்டையில் மாலை வகுப்புக்கு வரும் பசங்களிடம் ‘ஆக்கி’ என்றால், “எழும்பூர் ஸ்டேடியத்துல ஆடுவாங்களே, அதுவா சார்?” என்கிறார்கள். நாளிதழே ஹாக்கியை அப்படித்தானே போடுகிறது! அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த நிரல்துண்டு எதையும் ஆக்குவதில்லை என்பதுதான் என் தடை.

எங்கள் பக்கத்து எடுத்துக்காட்டோடு வருகிறேன். சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்குள் நுழைய எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் வரிசை கட்டுமே, அவை சுமக்கும் கண்டெய்னருக்கு ஒரு கிளாஸ், அதாவது அந்த வகை ஆப்ஜெக்ட்டுகளுக்கான வார்ப்பு, எழுதுவோம். (சிமுலா 67 என்ற நிரல்மொழியை உருவாக்கிய டாலும் நைகார்டும் கிளாஸ் பற்றி யோசித்தபோது எடுத்துக்கொண்ட கணக்குகளில் ஒன்று, பாலத்துச் சுங்கச்சாவடியில் நிற்கும் லாரி, பஸ் வரிசை. நமக்கு ரொம்பத் தோதான பாடம்.) பெட்டி எண், இருபதடியா நாற்பதடியா, உள்ளே வந்த நேரம். இவ்வளவு போதும். லாரி எண்ணைச் சேர்க்காதீர்கள். இன்று ஒரு லாரி, நாளை வேறொன்று, அது பெட்டியின் பண்பே இல்லை.

பெட்டி எண்ணில்தான் விஷயம். நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். ஐஎஸ்ஓ 6346 சொல்லும் கணக்குப்படி எழுத்துகளுக்கும் எண்மதிப்பு உண்டு. முதல் பத்து இடங்களின் மதிப்பையும் 1, 2, 4, 8 என இரட்டித்துக்கொண்டே போய்ப் பெருக்கி, கூட்டி, 11-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் கடைசி இலக்கம். 10 வந்தால் 0. மீதி பொருந்தவில்லையா, அந்த ஆப்ஜெக்ட் நிரலுக்குள் காலே வைக்கக் கூடாது. பிழை எழுப்பித் திருப்பி அனுப்ப வேண்டிய இடம் கன்ஸ்ட்ரக்டர். உள்ளே வந்தபின் எண்ணை மாற்ற வழிமுறை எதுவும் தரக் கூடாது.

ஆக, இதன் வேலை மதிப்புகளைச் சோதித்து அமர்த்துவது. சி++ மொழியில் இது ஓடத் தொடங்குமுன்பே நினைவகத்தில் இடம் ஒதுக்கியாகிவிடும். பைத்தான் மொழியில் ‘நியூ’ ஆப்ஜெக்ட்டை உருவாக்கித் தர, ‘இனிட்’ அதில் மதிப்புகளை நிரப்புகிறது. அதனால்தான் ‘அமைப்பி’ என்கிறேன். சி++-ஐ உருவாக்கிய ஸ்ட்ரூஸ்ட்ரப்பே அதற்கு முந்தைய ‘சி வித் கிளாசஸ்’ காலத்தில் இதை ‘நியூ ஃபங்ஷன்’ என்றுதான் அழைத்தார். பெயர் அவருக்கும் ஒரே நாளில் அமையவில்லை.

> கைபேசியில் செட்டிங்ஸை ‘அமைப்புகள்’ என்கிறோம். குழம்பாதா?

நல்ல கேள்வி அக்கா. ஆனால் அது எப்போதும் பன்மையில் வருகிறது. இதில் இகர ஈறு, இது வேலை செய்யும் உறுப்பு என்று காட்டிவிடுகிறது. கொஞ்சம் உரசல் இருக்கும்தான், மறுக்கவில்லை. ‘கட்டுநர்’ அதைவிட மோசம்; கேட்டதும் கொத்தனாரும் செங்கல்லும்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

இன்னொரு வசதி, ஆப்ஜெக்ட் முடிவுக்கு வரும்போது ஓடும் டிஸ்ட்ரக்டருக்குக் ‘கலைப்பி’ தானாக வந்து உட்கார்கிறது. அமைச்சரவையை அமைப்பதும் கலைப்பதும் நமக்குப் பழகிய பேச்சுதானே. இன்னோர் ஆப்ஜெக்ட்டைப் பார்த்து நகலெடுக்கும் காப்பி கன்ஸ்ட்ரக்டர் ‘நகலமைப்பி’, மதிப்பு எதுவும் தராதபோது ஓடும் டிஃபால்ட் கன்ஸ்ட்ரக்டர் ‘இயல்பமைப்பி’. ‘நகலாக்கி’ என்று சொல்லிப் பாருங்கள், ஜெராக்ஸ் மெஷின்தான் ஞாபகம் வரும்.

‘ஆக்கி’யை அகராதியிலிருந்து எடுக்கச் சொல்லவில்லை, பக்கத்திலேயே இதையும் ஏற்றலாம். கிளாஸுக்கு ‘வகுப்பு’ சரியா என்ற வழக்கைத் தயவுசெய்து தனி இழையில் வைத்துக்கொள்வோம்.