தையல் மெஷின் வெள்ளத்துல மூழ்கிருச்சு, வழி சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். தண்ணி வடிஞ்சு இன்னிக்கு நாலாவது நாள், இடுப்பு வரைக்கும் நின்னுச்சு, இப்போ வீடு முழுக்க சேறுதான். வீட்டுல தைச்சுதான் பொழப்பு ஓடுது, ரெண்டு மெஷினும் மோட்டாரோட மூழ்கிருச்சு, அடி நூல் சுத்தி வைக்கிற பாபின் கேஸ தொறந்தா உள்ள களிமண் அப்பிக்கிட்டு இருக்கு. மோட்டார் வெளிய காஞ்ச மாதிரிதான் தெரியுது, ஆனா உள்ள சுத்தியிருக்குற செம்புக் கம்பில (காயில்) ஈரம் இருந்தா கரண்ட் போட்டதும் கருகிரும்னு பிளக்க சொருகவே இல்ல. கழட்டி நல்ல தண்ணில கழுவி காய வச்சா போதுமா, எத்தனை நாள், இல்ல அந்தக் கம்பிய எடுத்துட்டு புதுசா சுத்துற ரீவைண்டிங்தானா? செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க.

அடுத்தவங்க குடுத்த துணி வேற பாதி தச்சதும் தைக்காததுமா கறை புடிச்சு கெடக்கு. அவங்க வீட்டுலயும் தண்ணி புகுந்துச்சு, அதனால யாரும் கேக்கல, அதுதான் இன்னும் சங்கடமா இருக்கு.

அப்புறம் கிணறு. வெள்ளத்தண்ணி உள்ள எறங்கிருச்சு. கொதிக்க வச்சா கிருமி சாகும் சரி, வயல்ல அடிச்ச மருந்தும் டீசலும் கலந்திருந்தா அது போகாதே? முழுசா எறைச்சுட்டு பிளீச்சிங் பவுடர் போடணும்ங்கிறாங்க, அளவு தெரிஞ்சவங்க, தண்ணிய எங்க டெஸ்ட் பண்றதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ். சார்ஜ் கம்மி, ரிப்ளை லேட்டாகும்.