புதுப்பிப்பு: விகாரமகாதேவி பூங்கா ஜியோகேச் கிடைத்துவிட்டது

ஜியோகேச் என்றால், ஜிபிஎஸ் வைத்து மற்றவர்கள் தேடிப் பிடிக்க யாரோ ஒளித்துவைக்கும் சிறு பெட்டி. கொழும்பு விகாரமகாதேவி பூங்காவில் ஜிபிஎஸ் காட்டிய இடத்தில் அப்படி ஒரு பெட்டியைக் காணவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன் அல்லவா? கிடைத்துவிட்டது! பெரிய மரங்களின் கீழே கைத்தொலைபேசியின் புள்ளி சில மீற்றர் தள்ளித்தான் நிற்கும்; கிளையும் இலையும் செய்மதி சமிக்ஞையைக் குழப்பிவிடும். திரையை விட்டுவிட்டு வேர் இடுக்குகளைப் பார்க்கச் சொன்ன அண்ணாவுக்கு நன்றி. பழைய பிலிம் டப்பா, மூடியெல்லாம் எறும்பு, உள்ளே ஈரம் பட்டுச் சுருண்ட, கண்டுபிடித்தவர்கள் பெயர் எழுதும் தாள். என் பெயரையும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தாயிற்று. காவலாளிதான் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அப்புறம், எதிரே நகர மண்டபத்தின் வெள்ளைக் குவிமாடத்தைப் பார்த்துவிட்டு, 1877இல் திறந்த தேசிய நூதனசாலைக்கும் நடந்தே போகலாம். பின்னேரம் சனம் கூடிவிடும். தேடப் போகிறவர்கள் காலையிலேயே போங்கள்.